உயிரோடு வாங்கலாம், உயிரோடு விடக் கூடாது

அந்தச் சனிக்கிழமை காலை கடையைத் திறந்து, புழுப் பெட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. புவனா அக்கா நின்றார். கையில் மூடி போட்ட சில்வர் வாளி. தடித்த குளிர் அங்கிக்குக் கீழே மாம்பழ நிறச் சேலைக் கரை தெரிந்தது. நெற்றியில் விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. கோயிலுக்குப் போகிற கோலத்தில் ஒருவர் தூண்டில் கடைக்கு வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்னக்கா இந்தப் பக்கம்? அண்ணை மீன் பிடிக்கத் துவங்கிட்டாரோ?"

"அவரோ? அவருக்குச் சோத்துக் கோப்பையிலை கிடக்கிற மீனைத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே கடையின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு பெரிய பச்சை நிறத் தொட்டி இருந்தது. காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் விரல் நீளத்தில் வெள்ளி நிற மீன்கள், சிவந்த கண்களோடு. பெரிய மீனுக்கு இரையாக வைப்பதற்கென்று விற்பவை. அக்கா வாளியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சோர்ந்ததுகள் வேண்டாம். துள்ளுறதாப் பாத்துப் பதினொண்டு தா பிள்ளை."

"எந்த ஏரிக்கு அக்கா கொண்டு போறியள்? யார் பிடிக்கப் போகினம்?" அப்படிக் கேட்க வேண்டும் என்று அந்த மாதம்தான் எங்களுக்கு உத்தரவு வந்திருந்தது.

"பிடிக்கேல்லை. விடப்போறன்."

"எங்கை விடப்போறியள்?"

"குளத்திலைதான். வேறை எங்கை விடுறது?"

மீன் அள்ளும் சிறு வலையைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டேன். முதல் நாள்தான் மாவட்டக் கால்நடை மருத்துவர் அம்மா, காலில் நீல நிற பிளாஸ்டிக் உறையோடு, அதே இடத்தில் நின்று எனக்கும் முதலாளி அம்மாவுக்கும் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான். இந்தத் தொட்டியில் இருக்கும் எந்த மீனும் எந்த ஏரிக்குள்ளும் உயிரோடு போகக் கூடாது.

புழுவோடு பிழைப்பு

இந்தத் தொடரில் ஜெர்மன் அலுவலகங்களை நான் விடாமல் திட்டுவதைப் படித்துவிட்டு, அந்த நாட்டில் உங்களுக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஆனால் இந்த வாரம் அதற்கு இடமில்லை.

பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில், டிராம் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடை. ஃபிராவ் லாங்கே என்ற அம்மா நடத்தினார். புருஷன் செத்த பிறகு தனியாக. நான் முதலில் அங்கே போனது தரை துடைக்க. ஒரு நாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு புழுவை அளந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு தரை துடைக்க வேறு ஆளைப் பிடித்தார்கள்.

வெள்ளைப் புழு, சிவப்புப் புழு, மண்புழு, செத்து உறைந்த சிறு மீன், உயிரோடு இருக்கும் சிறு மீன். இதுதான் என் வியாபாரம். வீட்டில் இவர் முதல் ஒரு மாதம் என் கையால் குழைத்துத் தந்த சோற்றைச் சாப்பிடவில்லை. பிறகு பசிக்குப் பழகிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிச் சாப்பாடுதான். ஆனால் வெள்ளிக்கிழமைதான் கடையில் புழு அதிகம் விற்கிற நாள். அந்த முரண்பாட்டைப் பற்றிக் கோயிலில் இரண்டு மூன்று பேர் என் காதுபடவே கதைத்திருக்கிறார்கள். கதைக்கட்டும். அவர்களா என் வாடகை கட்டுகிறார்கள்?

வேலை எனக்குப் பிடித்திருந்தது. தூண்டில்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் பொய்தான் சொல்வார்கள், அதுவும் மீனின் நீளத்தைப் பற்றித்தான். கேட்டுக்கொண்டு தலையாட்டினால் போதும்.

தலையிடி எல்லாம் அந்தப் பச்சைத் தொட்டியில் இருந்துதான் வந்தது.

மீனுக்கு வந்த சட்டம்

முதலில் ஒரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. உயிருள்ள மீனைத் தூண்டிலில் கோர்க்கக் கூடாது, அது வதை. சரி, நியாயம்தான். அதனால் ஆட்கள் உயிரோடு வாங்கிக்கொண்டு போய், ஏரிக்கரையில் கொன்று, பிறகு கோர்ப்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் செத்த மீன்தான் வாசமாக இருக்குமாம். பெரிய மீனுக்கு அது தெரியுமாம்.

அதற்கு மேல் இன்னொரு சட்டம் வந்தது. கெண்டை மீன்களுக்கு ஏதோ ஒரு தொற்று பரவியது. மற்றச் சிறு மீன்களும் தங்களுக்கு ஒன்றும் வராமலே அதைக் காவிக்கொண்டு போகுமாம். அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டைகளோடு வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஏரியில் கோடை காலத்தில் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஃபிராவ் லாங்கே என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். ஆட்கள் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அள்ளி அள்ளிப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் போட்டார்கள். கண் உள்ளே போன மீன்கள். அந்த நாற்றம் என் தலைமயிரில் இரண்டு நாள் நின்றது. திரும்பி வரும்போது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "ஒரு வாளி போதும், ஃபிராவ் சாந்தி. யாரோ ஒருவர் ஒரு வாளியை ஊற்றினால் போதும்."

ஆகவே அது வீண் சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு எரிச்சல் சட்டத்தின் மேல் இல்லை. அதைத் தினமும் என் வாயால் சொல்ல வேண்டியிருந்ததன் மேல்தான். எந்தப் பண்ணையிலிருந்து மீன் வந்தது என்பதற்குக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாமல் வண்டி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்குகிறவரிடம் எந்த ஏரி என்று கேட்க வேண்டும். மிஞ்சிய மீனை எங்கேயும் விடாதே, வாளித் தண்ணீரைக்கூட ஏரியில் ஊற்றாதே என்று சொல்ல வேண்டும். இது போதாதென்று பாதி மீன்பிடிச் சங்கங்கள் தங்கள் ஏரிக்கு வெளி மீனே வேண்டாம், அந்த ஏரியிலேயே பிடித்த சிறு மீனைத்தான் இரையாக வைக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டன.

உயிரோடு விற்கலாம். உயிரோடு வாங்கலாம். உயிரோடு தூண்டிலில் கோர்க்கக் கூடாது. உயிரோடு விடவும் கூடாது. இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள், அப்போது தெரியும்.

நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவர்கள் என் முகத்துக்கு நேரே கத்தினார்கள். ஏதோ நான்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தச் சட்டத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தது போல. ஒருவர் கேட்டார், மீன் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கும் அனுமதியா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அகதியாக வந்த முதல் வருடங்களில் எங்களுக்கும் அப்படித்தான். பக்கத்து மாவட்டத்தில் நடக்கிற கல்யாண வீட்டுக்குப் போக அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்து, ஆன்ட்ராக் என்று விண்ணப்பம் கொடுத்து, அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். கடிதம் வருவதற்குள் கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். அதை அந்த மனிதருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அரை மணி நேரம் நின்றிருப்பார்.

அக்காவின் பதினொரு மீன்

இந்தக் களேபரத்துக்குள்தான் புவனா அக்கா வாளியோடு வந்து நின்றார்.

அக்கா எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி. எனக்கு முன்பே வந்தவர். ஒரே மகள் தாரணி. இங்கேயே பிறந்து வளர்ந்து, பல் வைத்தியரிடம் உதவியாளராக ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, கல்யாணம் செய்து டுசல்டோர்ஃபில் இருந்தாள். அவளுக்கு இரண்டு முறை பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. இப்போது மூன்றாம் முறை. வைத்தியர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். அக்கா அந்த வருடம் பாதி ஆளாகிப்போயிருந்தார்.

கனடாவில் ஒரு சாத்திரியார், தொலைபேசியில் சாதகம் பார்ப்பவர், ஒரு பரிகாரம் சொல்லியிருக்கிறார். சாகப் போகிற பதினொரு மீனை விலைக்கு வாங்கி, ஒரு சனிக்கிழமையில் தாயின் தாய் தன் கையால் தண்ணீரில் விட வேண்டும். உயிரைக் காப்பாற்றினால் உயிர் தங்கும்.

அக்காவுக்கு உடனே நினைவு வந்தது என் கடைதான். உண்மைதானே. சாகப் போகிற மீனை உயிரோடு விற்கிற வேறு ஆளை அவர் எங்கே தேடுவார்?

நான் சொன்னேன், ஏலாது என்று. ஏன் ஏலாது என்று சொன்னேன். தொற்று, பண்ணை, வெள்ளை வயிறு, பீப்பாய், எல்லாம் சொன்னேன். அக்கா வாளியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப இந்த மீனுக்கு வருத்தமோ?"

"இல்லை அக்கா. இதுகளுக்கு நோய் ஒண்டும் இல்லை."

"பிறகென்ன?"

"இருக்காது எண்டு எழுதித் தர ஏலாது. அதுதான் சட்டம்."

"நான் கொண்டு போய்க் கொல்லப்போறன் எண்டால் தருவியோ?"

"ஓம்."

"விடப்போறன் எண்டால் தர மாட்டாய்."

"அக்கா, நான் என்ன செய்யிறது?"

அவர் வாளியை மூடினார். கதவு வரை போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "நல்ல நாடு," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தொலைபேசி ஓயவில்லை

அன்று மாலைக்குள் பீலெஃபெல்ட் தமிழருக்கெல்லாம் செய்தி போய்விட்டது. சாந்தி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காகக் கேட்ட பதினொரு மீனைக் கொடுக்கவில்லை.

வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் அறிவுரை. ஒருவர் யோசனை. கிறிஸ்மஸ் வரும்போது ஜெர்மன்காரர்கள் உயிர்க் கெண்டை விற்பார்களே, அதை வாங்கலாமே என்றார் ஒருவர். கிறிஸ்மஸுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அதுவும் அதே கெண்டை, அதே சட்டம். டுசல்டோர்ஃபில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கண்ணாடித் தொட்டியில் மீன் நீந்துகிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் ஒருவர், பூங்கன்று விற்கிற பெரிய கடைக்குப் போய்ச் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற வண்ணக் கெண்டைகளை வாங்கி விடச் சொன்னார். வடிவாகவும் இருக்குமாம்.

"அண்ணை, அந்த மீனிலைதான் வருத்தமே வந்தது," என்றேன்.

"சும்மா விசர்க்கதை கதையாதையும். அது வீட்டுத் தோட்டத்திலை வளக்கிற மீன்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் சோஃபாவில் இருந்து சொல்கிறார்: "ஒரு பதினொரு மீன்தானே. கண்ணை மூடிக்கொண்டு குடுத்திருக்கலாம்."

"கடையை மூடினால் நீங்களோ திறப்பியள்?"

அதற்குப் பிறகு அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

என்னை அரித்தது வேறு ஒன்று. அக்கா அந்த வண்ணக் கெண்டைகளை வாங்கிவிடுவாரோ என்ற பயம். மறுத்துவிட்டு வந்ததோடு என் வேலை முடிந்துவிட்டதா? இல்லையே. தாரணியின் வயிறு என் கண்ணுக்குள் நின்றது. மீன் விட்டால் பிள்ளை தங்கும் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், தெரியாது. அக்கா நம்பினார். அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை. அதைப் பறித்த ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

கனடாவுக்கு ஒரு அழைப்பு

ஆப்பிரிக்கக் கடையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி, சாத்திரியாரையே கூப்பிட்டேன். நல்ல குரல். பின்னணியில் பிள்ளைகள் சத்தம் போட்டன.

"ஐயா, இங்கை மீனை ஒரு தண்ணியிலையிருந்து இன்னொரு தண்ணிக்குக் கொண்டுபோக விடமாட்டினம். சட்டம்."

"அப்பிடியோ? இங்கை கனடாவிலை எங்கடை சனம் விடுகுது தானே."

"அங்கையும் விடக் கூடாது ஐயா. யாரும் உங்களுக்குச் சொல்லேல்லை போலை."

அட்டையில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன.

"வேறை என்ன செய்யலாம்?" என்றேன். "விலைக்கு வாங்கித்தான் ஆகோணுமோ?"

"சாகிறதுக்கு எண்டு பிடிபட்ட உயிரா இருக்கோணும் பிள்ளை. தாயின்ரை தாய் தன்ரை கையாலை விடோணும். அவ்வளவுதான் முக்கியம்."

"எந்தத் தண்ணியிலையும் விடலாமோ? பிடிச்ச தண்ணியிலையே திருப்பி விட்டால்?"

"எந்தத் தண்ணி எண்டு சாத்திரத்திலை இல்லை," என்றார் அவர். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கும் ஒரு தொல்லை விட்டது.

டீக்மான் சொன்ன வழி

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெர் டீக்மான் புழு வாங்க வந்தார். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஏரிச் சங்கத்தில் காவல் மேற்பார்வை அவருடையது. யாரிடம் உரிமச் சீட்டு இருக்கிறது, யார் சின்ன மீனைப் பைக்குள் ஒளிக்கிறார்கள் என்று கரையைச் சுற்றி வருவதே அவருடைய ஓய்வு கால இன்பம். சொந்த மைத்துனனையே ஒரு முறை பிடித்து எழுதிக் கொடுத்தவர். மைத்துனன் அதற்குப் பிறகு பிறந்தநாளுக்கு வருவதில்லை. சட்டம் என்றால் அவருக்குச் சாப்பாடு மாதிரி.

அவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். என் ஜெர்மன் மொழியில் பரிகாரம் என்ற சொல்லுக்கு நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன்.

அவர் புழுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"வெளி மீன் கூடாது," என்றார்.

"தெரியும்."

"திருப்பி விடுவதற்கென்றே மீன் பிடிப்பதும் கூடாது. அது விலங்கு வதை. சாப்பிடுவதற்காகத்தான் பிடிக்க வேண்டும்."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. இன்னொரு சட்டம். இந்த நாட்டில் ஒரு மீனைக் காப்பாற்றுவதற்கு இத்தனை கதவா?

"ஆனால்," என்றார் அவர், விரலை உயர்த்தி, "நான் சாப்பிடுவதற்காகப் பிடிக்கும்போது, அளவுக்குக் குறைந்த மீன் மாட்டினால், அதை உடனே, பதமாக, அதே நீரில் விட வேண்டும். விடாவிட்டால்தான் குற்றம்."

"அதை யார் விட வேண்டும்?"

அவர் மேலும் யோசித்தார். உதடு அசைந்தது, விதியை மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார் என்று தெரிந்தது.

"யார் கையால் என்று விதியில் இல்லை," என்றார்.

சாத்திரியாரும் டீக்மானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமை என்று பேசி முடித்தோம். கடையில் லீவு கேட்டேன். அக்காவின் வீட்டுக் கதவில் ஒரு துண்டு எழுதிச் செருகினேன், ஏனென்றால் என் சத்தம் கேட்டால் அவர் கதவைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அன்று மாலை அக்கா வந்து, "வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கரையில் ஒரு நாள்

ஏரியின் மேல் பனிப்புகை கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றன. அக்கா சாதாரணச் சேலையில், மேலே பழைய அங்கியோடு வந்திருந்தார். வாளி இல்லை. நான் காரிலேயே எச்சரிக்கை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். தண்ணீருக்குள் மஞ்சள் போடக் கூடாது, பூப் போடக் கூடாது, பால் ஊற்றவே கூடாது. அக்கா ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவும் இல்லை.

மடக்கு நாற்காலியில் அவரை இருத்தினோம். டீக்மான் தூண்டிலைப் போட்டார். மணி அடித்தது போல் உடனே இழுத்தது.

பெரிய கெண்டை. டீக்மான் பக்கவாட்டாக நடந்து, குனிந்து, நிமிர்ந்து, முகம் சிவந்து, கடைசியில் வலையில் வாங்கியபோது அது என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார். அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது. சங்க விதிப்படி அளவான மீனைத் திருப்பி விடக் கூடாது. சின்னத் தடியால் தலையில் ஒரு தட்டு. முடிந்தது.

"இந்த வருடத்தில் இதுதான் பெரியது," என்றார், பெருமையாக.

நான் அக்காவைப் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் இன்னொன்று. அதுவும் பெரியது. அதற்குப் பிறகு ஒரு நன்னீர் ட்ரவுட், அதுவும் நல்ல அளவு. பல வருடம் வெறும் பையோடு வீட்டுக்குப் போன மனிதருக்கு அன்றுதான் ஏரி முழுவதும் வரிசையில் நிற்கிறது. உயிரைக் காப்பாற்ற வந்த இடத்தில் மூன்று கொலை. எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

"இந்தாளுக்கு இண்டைக்குத்தான் பிடிபடுது பாருங்கோ," என்றேன். "மற்ற நாளிலை ஒரு சப்பாத்துக்கூட மாட்டாது."

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. சட்டத்தைத் திட்டினேன், கால்நடை மருத்துவர் அம்மாவைத் திட்டினேன், தொலைபேசியில் என்னைத் திட்டியவர்களைத் திட்டினேன். இந்தப் பரிகாரத்துக்கு நான் பட்ட பாட்டை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இவ்வளவும் இவருக்காகத்தான் செய்கிறேன், இவரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருக்கிறார். ஒரு சொல் நன்றி வேண்டாம், முகத்தில் ஒரு ஆவலாவது இருக்கக் கூடாதா? எனக்கு உள்ளுக்குள் அப்படி எரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு டீக்மானிடம் போய்ச் சொன்னேன், தயவுசெய்து சின்ன முள்ளைக் கட்டுங்கள், கரைக்குப் பக்கத்தில் போடுங்கள் என்று. பெரிய மீனின் சூட்டில் இருந்தவருக்கு அது பெரிய தியாகம். ஆனாலும் கட்டினார். வெள்ளைப் புழு ஒன்றைக் கோர்த்தார்.

உள்ளங்கை நீளக் கெண்டைக் குஞ்சு ஒன்று வந்தது. பலகையில் வைத்தார். பாதி அளவுகூட இல்லை. முள்ளை மெதுவாகக் கழற்றி, ஈர வலைக்குள் வைத்து, வலையின் பிடியை அக்காவிடம் நீட்டினார். அக்கா கரையில் குந்தி, வலையைத் தண்ணீருக்குள் இறக்கினார். குஞ்சு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வாலை அடித்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதையும் விட்டார். எனக்கு உயிர் வந்தது.

"ரெண்டு போச்சு," என்றேன். "இன்னும் ஒன்பது. இப்பிடியே போனால் இருட்ட முதல் முடிச்சிடலாம்."

"பதினொண்டு வேண்டாம்," என்றார் அக்கா. "இன்னும் ஒண்டு விட்டால் போதும்."

"என்னக்கா விளையாடுறியளே? சாத்திரியார் பதினொண்டு எண்டெல்லோ சொன்னவர். இவ்வளவு கரைச்சல்பட்டு வந்திட்டு அரைவாசியிலை விடுறதோ?"

அக்கா இன்னும் குந்தியபடியே இருந்தார். கை ஈரமாக முழங்காலில் கிடந்தது.

"முதல் வந்ததுக்கு ஒண்டு விட்டாச்சு. போன வருசம் வந்ததுக்கு ஒண்டு விட்டாச்சு. புதன்கிழமை போனதுக்கு ஒண்டு விட்டால் காணும்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது அவருக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் இருந்துவிட்டேன்.

"புதன்கிழமையோ? அக்கா, ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஏன் வந்தனீங்கள்?"

"அவளோடை ரெண்டு நாள் நிண்டன். தன்னைக் கொஞ்சம் தனிய விடச் சொன்னாள். வீட்டிலை வந்து இருந்து என்ன செய்யிறது? நீயும் ஒழுங்கு எல்லாம் செய்துபோட்டாய்." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதுகளுக்கு ஒண்டுமே செய்யேல்லை சாந்தி. ஒரு பேர்கூட வைக்கேல்லை. ஆசுப்பத்திரியிலை எங்கை கொண்டு போச்சினம் எண்டுகூடத் தெரியாது. இதையாவது செய்யிறன்."

காலை முழுவதும் நான் கதைத்த கதையெல்லாம் என் வாய்க்குள் கசந்தது. அவருடைய கையைப் பிடித்தேன். குளிர்ந்து போயிருந்தது. அழுதது நான்தான், அக்கா அழவில்லை.

டீக்மான் சாமான்களை அடுக்கத் துவங்கியிருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நான் எழுந்து அவரிடம் போய், அக்காவின் மகள் புதன்கிழமை பிள்ளையை இழந்துவிட்டாள், இது மூன்றாவது, இன்னும் ஒரு மீன் வேண்டும் என்று சொன்னேன். என் ஜெர்மன் இலக்கணம் எல்லாம் உடைந்து கிடந்தது. அவர் உறைக்குள் போட்ட தூண்டிலை வெளியே எடுத்தார்.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. அக்கா தேநீர்க் குடுவையைத் திறந்து மூடிக்குள் ஊற்றி முதலில் அவருக்குக் கொடுத்தார். அவர் ஒரு கையால் வாங்கிக் குடித்தார். எதிர்க்கரை தெரியாமல் போனது.

பிறகு மிதவை ஆடியது. அவர் இழுத்தார். கெண்டைதான். பலகையில் வைத்துக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். இத்தனை வருடம் அந்தக் கடையில் நின்றவள், எனக்கு அளவு தெரியும். வால் அளவுக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே கிடந்தது.

டீக்மான் கோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"சின்னது," என்றார். பலகையைப் பைக்குள் வைத்துவிட்டு, மீனை ஈர வலையில் ஏந்திப் பிடியை அக்காவின் கையில் கொடுத்தார்.